தொலைபேசி எண்ணுக்கு இணைய அழைப்பு முகவரி அமைக்கும் முறை

நாகர்கோவிலில் தலைமைக் கடையும், மார்த்தாண்டத்தில் ஒரு கிளையும், குளச்சலில் மீன்பிடி வலைகளுக்கும் எந்திர உதிரிபாகங்களுக்கும் ஒரு கிடங்கும் வைத்திருக்கும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஊரிலும் எந்தக் கம்பி ஒழுங்காக வேலை செய்கிறதோ அதைத்தான் வாங்க முடியும் என்பதால், மூன்று இடங்களிலும் மூன்று வெவ்வேறு நிறுவனங்களின் இணைய இணைப்பு இருக்கிறது. மூன்று மேசைகளிலும் இணையவழித் தொலைபேசிக் கருவியும் இருக்கிறது. ஆனாலும் குளச்சல் கிடங்கில் இருப்பவர் தலைமைக் கடையைக் கூப்பிட வேண்டுமானால், பத்து ஆண்டுகளாக நாட்காட்டியில் அச்சாகிவரும் அந்த எண்ணைத்தான் அழுத்துகிறார். கருவிக்கு இணைய முகவரி ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. எண்ணை அழுத்தினால் போதும், அதற்குரிய இணைய முகவரியைக் கருவியே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான ஏற்பாட்டைப் படிப்படியாகச் செய்துகொள்வது எப்படி என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது.

எண்ணை இணைய முகவரியோடு பொருத்தும் இந்த முறைக்கு ஈநம் என்று பெயர். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் இ.164 என்ற பரிந்துரை, உலகத் தொலைபேசி எண்களின் வடிவத்தை வரையறுக்கிறது. அதன்படி நாட்டுக் குறியீடு உட்பட எந்த எண்ணிலும் 15 இலக்கங்களுக்கு மேல் இருக்கக்கூடாது. அந்த எண்ணை இணையத்தின் பெயரேடான டி.என்.எஸ். அமைப்புக்குள் ஒரு பெயராக எழுதிவிட்டால், இணையத்தளத்தின் பெயரைத் தேடுவது போலவே தொலைபேசி எண்ணையும் தேடலாம் என்பதுதான் இதன் அடிப்படை. இதற்கான நெறிமுறை 2000-இல் முதலில் வெளிவந்தது, 2004-இல் திருத்தப்பட்டது, 2011-இல் ஆர்.எஃப்.சி. 6116 என்ற ஆவணமாக இன்றைய வடிவத்தை அடைந்தது.

பெயரேட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிளைவிடும் பெயர்களின் தொகுப்பை மரம் என்று சொல்வோம். எந்த மரத்தில் உங்கள் எண்ணைப் பதியப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். உலகப் பொது மரம் 'இ164.ஆர்பா' என்ற பெயருக்குக் கீழ் இருக்கிறது. அதை ரைப் என்.சி.சி. என்ற ஐரோப்பிய அமைப்பு பராமரிக்கிறது. ஒவ்வொரு நாட்டுக் குறியீட்டுக்கும் உரிய கிளையை அந்தந்த நாட்டின் ஒப்புதலோடுதான் கொடுப்பார்கள். ஆஸ்திரியா 2004 டிசம்பரில் இதைப் பொதுமக்களுக்கான வணிகச் சேவையாகவே தொடங்கியது. நம் நாட்டில் சாதாரணச் சந்தாதாரர் தம் எண்ணைப் பொது மரத்தில் பதிந்துகொள்ளும் வழக்கம் வளரவில்லை. கைப்பேசி நிறுவனங்கள் தமக்குள் பயன்படுத்துவதற்காகப் பன்னாட்டு அளவில் தனி மரம் ஒன்றை வைத்திருக்கின்றன. வெளியார் அதற்குள் நுழைய முடியாது. ஆகவே நமக்கு ஏற்ற வழி, சொந்த டொமைன் பெயருக்குக் கீழ் ஒரு தனி மரத்தை நட்டு, நம் கிளைகளும் நாம் நம்பும் கூட்டாளிகளும் மட்டும் அதில் தேடும்படி செய்வதுதான். இதில் நான் உறுதியாக இருப்பதற்குக் காரணம் ஒன்று உண்டு. எண்கள் வரிசையாக அமைந்தவை என்பதால், பொதுவில் திறந்துவைத்த மரத்தை ஒரு நிரல் முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரை சலித்துப் பார்த்து, யார் எந்த முகவரியில் இருக்கிறார் என்ற முழுப் பட்டியலையும் எடுத்துவிடலாம்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் பெயரில் பதிவான ஒரு டொமைன் வேண்டும். இணைய இணைப்பு தரும் நிறுவனம் இலவசமாகக் கொடுக்கும் பெயரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். இணைப்பை மாற்றும் நாளில் அந்தப் பெயரும் போய்விடும். அடுத்து, வெளியிலிருந்து எட்டக்கூடிய ஒரு முகவரி ஒவ்வொரு கிளைக்கும் வேண்டும். வீட்டு இணைப்பு, சிறுகடை இணைப்பு ஆகியவற்றில் நிறுவனங்கள் பல சந்தாதாரர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்தியிருப்பது வழக்கம். அப்படிப்பட்ட இணைப்புக்கு வெளியிலிருந்து அழைப்பு வராது. நிலையான முகவரியைக் கட்டணம் கட்டி வாங்கலாம். ஐ.பி.வி.6 என்ற புதிய வகை இணைய முகவரி கிடைத்தால் அதைப் பயன்படுத்தலாம். இரண்டும் இல்லையென்றால் சிறிய வாடகைச் சர்வர் ஒன்றை எடுத்து, மூன்று கிளைகளையும் வயர்கார்ட் போன்ற மறைகுறிச் சுரங்கத்தின் (இணையத்துக்குள் பிறர் படிக்க முடியாத தனிப்பாதையின்) மூலம் அதோடு இணைத்துவிடலாம். குறைந்த செலவில் மன நிம்மதி தருவது இந்தக் கடைசி வழிதான்.

அழைப்புகளை உரிய கருவிக்குத் திருப்பிவிடும் எக்ஸ்சேஞ்ச் மென்பொருளாக அஸ்டெரிஸ்க், ஃப்ரீஸ்விட்ச், கமாயிலியோ ஆகிய மூன்றில் எதை வைத்திருந்தாலும் ஈநம் தேடும் வசதி அதில் உண்டு. பெயரேட்டுக்கு பைண்ட் அல்லது அதற்கு நிகரான மென்பொருள் போதும்.

எண்ணை ஒரே வடிவுக்குக் கொண்டுவருதல்

இந்த வேலையில் பெரும்பாலான தவறுகள் பெயரேட்டுக்கு வருமுன்பே, எண்ணை வடிவமைக்கும் இடத்திலேயே நேர்ந்துவிடுகின்றன. ஒரே கடையின் எண்ணை நாகர்கோவிலுக்குள் இருப்பவர் ஆறு இலக்கமாக அழுத்துவார். மார்த்தாண்டத்தில் இருப்பவர் 04652 சேர்த்து அழுத்துவார். கைப்பேசியின் முகவரிப் பட்டியலிலிருந்து எடுப்பவரிடம் அது +91 என்று தொடங்கும். வளைகுடாவில் வேலை செய்து திரும்பியவர் 0091 என்று சேமித்து வைத்திருப்பார். நான்கையும் கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு, ஊர்க் குறியீடு, உள்ளூர் எண் என்ற ஒரே வரிசைக்குக் கொண்டுவந்த பிறகுதான் தேட வேண்டும்.

இதில் நம் மாவட்டத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாகர்கோவில் பகுதிக்குக் குறியீடு 04652. மார்த்தாண்டம், குழித்துறைப் பகுதிக்கு 04651. இரண்டு பகுதியிலும் உள்ளூர் எண் ஆறு இலக்கம்தான். ஆகவே ஒரே ஆறு இலக்கங்கள் நாகர்கோவிலில் ஒருவரையும் மார்த்தாண்டத்தில் வேறொருவரையும் குறிக்கலாம். ஆறு இலக்கத்துக்கு முன்னால் ஊர்க் குறியீட்டைச் சேர்க்கும் விதியை மூன்று கிளைகளுக்கும் பொதுவான சர்வரில் எழுதினால், மார்த்தாண்டத்துக்காரர் பக்கத்துத் தெருக் கடையை அழைக்கும்போது நாகர்கோவிலில் யாரோ ஒருவர் வீட்டில் மணி அடிக்கும். அந்த விதியை ஒவ்வொரு கிளையின் எக்ஸ்சேஞ்சிலும் அந்தந்த ஊருக்கு ஏற்றபடி தனித்தனியாக எழுதுங்கள். பொதுச் சர்வருக்கு முழுமையான எண் மட்டுமே போய்ச்சேரட்டும்.

கைப்பேசி எண்களில் கவனிக்க வேண்டியவை இரண்டு. 2021 ஜனவரி 15 முதல் தரைவழித் தொலைபேசியிலிருந்து கைப்பேசியை அழைக்க முன்னால் பூஜ்யம் சேர்க்க வேண்டும் என்பது விதி. ஆகவே பூஜ்யத்தோடு வரும் பதினொரு இலக்கத்தையும், பூஜ்யமில்லாத பத்து இலக்கத்தையும் ஒன்றாகவே கருத வேண்டும். இரண்டாவது, பத்து இலக்கக் கைப்பேசி எண்ணே 91 என்று தொடங்கலாம். தொடக்கத்தில் 91 இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து, நாட்டுக் குறியீடு ஏற்கெனவே சேர்ந்துவிட்டது என்று முடிவு செய்யும் விதி அந்த எண்களையெல்லாம் கெடுத்துவிடும். மொத்தம் பன்னிரண்டு இலக்கம் இருந்து, முதல் இரண்டு 91 ஆக இருந்தால் மட்டுமே அது நாட்டுக் குறியீடு.

112, 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077, கடலோரக் காவல்படையின் 1554 ஆகிய குறுகிய எண்கள் இந்த வடிவமைப்புக்குள்ளேயே வரக்கூடாது. அவை இ.164 எண்கள் அல்ல. எந்தத் தேடலும் இல்லாமல் அவை நேராகச் சாதாரணத் தொலைபேசி வழியில் போக வேண்டும். கடற்கரையில் கிடங்கு வைத்திருப்பவர் எழுதும் விதிகளில் இதுவே முதல் விதியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பெயரும் பதிவும் எழுதுதல்

எடுத்துக்காட்டுக்கு +91 4652 001234 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் உள்ளூர் எண் பூஜ்யத்தில் தொடங்குவதில்லை என்பதால் இது யாருடைய எண்ணும் அல்ல. டொமைனாக எக்ஸாம்பிள்.காம் என்பதை வைத்துக்கொள்வோம். அது எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கப்பட்ட பெயர். கீழே வரும் பெயர்களைப் படிக்கும் வசதிக்காகத் தமிழெழுத்தில் தருகிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

கூட்டல் குறியை நீக்கி, இலக்கங்களைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பி, ஒவ்வொன்றுக்கும் இடையில் புள்ளி வைத்து, கடைசியில் நம் மரத்தின் பெயரைச் சேர்க்க வேண்டும். அப்போது கிடைக்கும் பெயர் இது:

4.3.2.1.0.0.2.5.6.4.1.9.எண்கள்.எக்ஸாம்பிள்.காம்

திருப்புவதற்குக் காரணம் இருக்கிறது. தொலைபேசி எண்ணில் பெரிய பகுதி, அதாவது நாடு, முதலில் வருகிறது. டொமைன் பெயரில் பெரிய பகுதி கடைசியில் வருகிறது. திருப்பி எழுதினால்தான் 04652 பகுதியின் எண்கள் எல்லாம் ஒரே கிளையின் கீழ் வந்துசேரும்.

இந்தப் பெயருக்கு நாப்டர் வகைப் பதிவு ஒன்றை எழுத வேண்டும். அதன் உள்ளடக்கம் இப்படி இருக்கும்:

100 10 "யு" "இ2யு+சிப்" "!^.*$!சிப்:தலைமை@எக்ஸாம்பிள்.காம்!" .

முதல் எண் வரிசை, இரண்டாவது விருப்பம். இரண்டிலும் சிறிய எண்ணே முந்தும். வரிசை எண் ஒன்றாக இருக்கும் பதிவுகளுக்குள் மட்டுமே விருப்ப எண் பேசும். 'யு' என்பது இந்தப் பதிவோடு தேடல் முடிந்து ஒரு முகவரி கிடைத்துவிட்டது என்பதற்கான அடையாளம். அடுத்தது சேவையின் பெயர். இங்கே அது சிப் (இணையவழி அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் உதவும் நெறிமுறை) வழி அழைப்பு. வியப்புக் குறிகளுக்கு இடையில் இருப்பது, வந்த எண்ணை எந்த முகவரியாக மாற்ற வேண்டும் என்ற சூத்திரம்: முழு எண்ணையும் எடுத்துவிட்டு அதன் இடத்தில் இந்த முகவரியை வை என்று பொருள். கடைசியில் இருக்கும் ஒற்றைப் புள்ளியை மறந்தால் பெயரேட்டு மென்பொருள் அந்தப் பதிவையே ஏற்காது.

சூத்திரத்துக்குக் கிடைப்பது திருப்பி எழுதிய பெயர் அல்ல, கூட்டல் குறியோடு கூடிய முழு எண் என்பதை நினைவில் வையுங்கள். எண்ணின் ஒரு பகுதியை முகவரிக்குள் கொண்டுபோகும் சூத்திரம் எழுதும்போது கூட்டல் குறிக்கு முன்னும், அந்தப் பகுதியைச் சுட்டும் எண்ணுக்கு முன்னும் பின்சாய்வுக் கோடு வர வேண்டும். மண்டலக் கோப்பில், அதாவது ஒரு டொமைனின் பதிவுகளைப் பெயரேட்டு மென்பொருளுக்காக எழுதிவைக்கும் கோப்பில், அந்தக் கோட்டை இரண்டு முறை எழுதினால்தான் ஒன்றாவது மிஞ்சும்.

நட்சத்திரக் குறியின் பொறி

ஒரு கிளைக்கு நூறு எண்கள் கொண்ட தொகுதி இருந்தால் நூறு பதிவுகள் எழுதத் தயங்கி, எந்தப் பெயருக்கும் பொருந்தும் நட்சத்திரக் குறி வைத்த ஒரே பதிவால் எல்லாவற்றையும் மூடிவிடலாம் என்று தோன்றும். மூடலாம். ஆனால் அதோடு தனி எண்ணுக்கென்று ஒரு பதிவையும் சேர்த்தால் என்ன நடக்கும் என்பதை நான் பாடுபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். நான் அமைத்த முதல் மண்டலத்தில் 04652 பகுதி முழுவதற்கும் நட்சத்திரப் பதிவு ஒன்று இருந்தது. ஒரே ஒரு எண் வேறொரு மேசைக்குப் போக வேண்டியிருந்ததால் அதற்கு மட்டும் தனிப்பதிவு எழுதினேன். அந்த எண் சரியாக வேலை செய்தது. ஆனால் அதற்குப் பக்கத்து எண்கள் அனைத்தும் 'இல்லை' என்ற பதிலைத் தரத் தொடங்கின. தொலைவில் இருந்த எண்களுக்குப் பதில் சரியாகவே வந்தது. அதனால் கோளாறு எங்கே என்பது இரண்டு நாள் பிடிபடவில்லை.

காரணம் இதுதான். +91 4652 001234 என்ற எண்ணுக்குத் தனிப்பதிவு எழுதிய உடனே, அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு படியும், அதாவது 00123 வரையிலான பெயரும், 0012 வரையிலான பெயரும், அதற்கு மேலுள்ளவையும், பதிவு எதுவும் இல்லாவிட்டாலும் 'இருக்கும் பெயர்கள்' ஆகிவிடுகின்றன. இப்போது 001235 என்ற எண்ணைத் தேடினால், இருக்கும் பெயர்களில் அதற்கு மிக அருகில் உள்ளது 00123 என்ற படி. பெயரேடு அந்தப் படிக்கு நேர்கீழே நட்சத்திரம் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். அங்கே இல்லையென்றால் மேலே ஏறிப் போய்ப் பார்க்காது. ஆகவே நட்சத்திரமும் தனிப்பதிவும் மரத்தின் ஒரே கிளையில் கலக்க வேண்டாம். நூறு எண்கள் இருந்தால் சிறிய நிரல் ஒன்று எழுதி நூறு பதிவுகளையும் உருவாக்கிவிடுங்கள்.

முகவரியிலிருந்து சர்வருக்கு

வெவ்வேறு நிறுவன இணைப்புகளில் இந்த ஏற்பாடு நிலைத்து நிற்பதற்குக் காரணமான இடம் இதுதான். நாப்டர் பதிவில் 'தலைமை@எக்ஸாம்பிள்.காம்' என்று டொமைன் பெயரை எழுதினோம், ஐ.பி. முகவரியை எழுதவில்லை. டொமைனைப் பார்க்கும் எக்ஸ்சேஞ்ச், அதன் அழைப்புச் சர்வர் எது என்று மறுபடியும் பெயரேட்டைக் கேட்கும். அதற்குப் பதில் சொல்வது எஸ்.ஆர்.வி. வகைப் பதிவு. எந்தச் சர்வர், எந்தத் துறை எண் (சர்வரில் அழைப்பு நுழையும் வாயிலின் எண், போர்ட்), முதலாவது எட்டாவிட்டால் அடுத்தது எது என்பதையெல்லாம் அதில் எழுதலாம். சாதாரண சிப் அழைப்புக்கு 5060, மறைகுறி செய்த அழைப்புக்கு 5061 என்பது வழக்கமான துறை எண். நாகர்கோவில் கடையில் கம்பி இணைப்பு ஒரு நிறுவனத்திலும் மாற்றுக்கான வானலை இணைப்பு இன்னொன்றிலும் இருந்தால், இரண்டையும் முன்னுரிமை வேறுபாட்டோடு இரண்டு பதிவுகளாக எழுதிவைக்கலாம். எண்ணுக்கான பதிவை நீங்கள் ஒருபோதும் தொட வேண்டியிருக்காது.

எக்ஸ்சேஞ்சில் விதி எழுதுதல்

அஸ்டெரிஸ்க்கில் 'ஈநம்லுக்கப்' என்ற செயற்கூறுக்கு முழு எண், சிப் என்ற வகை, பதிவின் வரிசை, மரத்தின் பெயர் ஆகியவற்றைக் கொடுத்தால் முகவரி திரும்பக் கிடைக்கும். மரத்தின் பெயரைக் கொடுக்காவிட்டால் அது இ164.ஆர்பாவில் போய்த் தேடும் என்பதால் நம் மரத்தின் பெயரை மறக்காமல் எழுத வேண்டும். கிடைக்கும் முகவரியில் 'சிப்:' என்ற முன்னொட்டு நீக்கப்பட்டிருக்கும். அழைக்கும்போது அதைத் திரும்பச் சேர்க்க வேண்டும்.

முகவரி கிடைத்தால் இணையத்தில் அழைக்கட்டும். கிடைக்காவிட்டாலோ, கிடைத்த முகவரி சில நொடிகளில் பதில் தராவிட்டாலோ, அதே எண் சாதாரணத் தொலைபேசி வழியில் போகட்டும். அழைப்பவர் எந்த வித்தியாசத்தையும் உணரக்கூடாது. மழைக்காலத்தில் கம்பி அறுந்து கிடக்கும் நாளில்தான் இந்த இரண்டாம் வழியின் அருமை தெரியும்; 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஈநம் தேடலின் மூலம் வந்துசேர்ந்த அழைப்பை மறுபடியும் ஈநத்தில் தேடவிடாதீர்கள். தேடவிட்டால் ஒரு தவறான பதிவு போதும், இரண்டு கிளைகளும் ஒரே அழைப்பை ஒன்றுக்கொன்று மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கும்.

காவலும் சட்டமும்

5060 துறையை இணையத்தில் திறந்த சில மணி நேரத்திலேயே முன்பின் தெரியாத நிரல்கள் அதைத் தட்டத் தொடங்கிவிடும். அவற்றின் நோக்கம் உங்கள் எக்ஸ்சேஞ்ச் வழியாக வெளிநாட்டுக்குக் கட்டண அழைப்பு செய்வது. ஆகவே இணையத்திலிருந்து வரும் அழைப்புக்கு உள்ளிருக்கும் மேசைகளை மட்டுமே எட்டும் தனி விதித்தொகுப்பு வேண்டும். வெளியே போகும் தொலைபேசி வழி அந்தத் தொகுப்பில் எந்த வடிவிலும் இருக்கக்கூடாது. கிளைகள் சுரங்கத்தின் மூலம் மட்டுமே பேசுகின்றன என்றால் அந்தத் துறையை வெளியுலகுக்குத் திறக்கவே தேவையில்லை.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. உங்கள் கிளைகளுக்கு இடையே இணையத்தில் பேசிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் இணையத்தில் வரும் பிறருடைய அழைப்புகளை வாங்கி, உரிமம் இல்லாமல் தொலைபேசி வலையமைப்பில் இறக்கிவிடுவது குற்றம். வளைகுடா அழைப்புகளை அப்படி இறக்கிவிட்டவர்கள்மேல் வழக்குகள் வந்திருக்கின்றன. துபாயில் இருக்கும் உறவினருக்காக இந்த ஏற்பாட்டை நீட்டித்துத் தரும்படி யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். வெளித் தொலைபேசியோடு இணைப்பு வேண்டுமானால் உரிமம் பெற்ற நிறுவனத்திடம் சிப் இணைப்பாகவே கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஈநம் பதிவு, நீங்கள் யாரை அழைக்கிறீர்களோ அவருடைய முகவரியைக் காட்டும். உங்களை அழைப்பவர் யார் என்பதற்கு அது சான்றாகாது. கூட்டாளி ஒருவரின் எண்ணை உங்கள் மரத்தில் சேர்க்குமுன், அந்த எண்ணுக்குச் சாதாரண வழியில் அழைத்து ஒரு குறியெண்ணைச் சொல்லி, அதை அவர் திரும்ப எழுதி அனுப்பிய பிறகு பதிவிடுங்கள்.

சோதனை

கருவியைத் தொடுமுன் 'டிக்' என்ற கட்டளையால் நாப்டர் பதிவைக் கேட்டுப் பாருங்கள். மூன்று கிளைகளிலிருந்தும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரு நிறுவனத்தின் இணைப்பில் வரும் பதில் இன்னொன்றில் வராமல் போகலாம். ஒரே எண்ணுக்குப் பல பதிவுகள் இருந்தால் பதில் 512 பைட்டைத் தாண்டலாம். பெரிய பொட்டலங்களைத் தடுக்கும் ரவுட்டர் அதை விழுங்கிவிடும். பிறகு எஸ்.ஆர்.வி. பதிவைக் கேளுங்கள். இரண்டும் சரியாக வந்த பிறகே அழைத்துப் பாருங்கள். அழைப்பு சேர்ந்து, ஒருவர் பேசுவது மட்டும் மற்றவருக்குக் கேட்கிறது என்றால் பெரும்பாலும் குற்றவாளி ரவுட்டரில் இருக்கும் சிப் ஏ.எல்.ஜி. என்ற வசதிதான். உதவுவதாக எண்ணி அது முகவரிகளைத் திருத்திக் குழப்பும். அதை அணைத்துவிடுங்கள்.

இணைப்பு மாறும் நாள், எண் விடும் நாள்

மார்த்தாண்டம் கிளைக்கு வேறு நிறுவனத்தின் இணைப்பை வாங்கப்போகிறீர்கள் என்றால், முதல் நாளே எஸ்.ஆர்.வி. பதிவின் ஆயுளையும் (பிறர் அதை எத்தனை நொடி நினைவில் வைத்திருக்கலாம் என்ற அளவையும்) அது சுட்டும் முகவரிப் பதிவின் ஆயுளையும் 3600 நொடியிலிருந்து 300 நொடியாகக் குறைத்துவிடுங்கள். மறுநாள் புதிய முகவரியை எழுதினால் ஐந்து நிமிடத்துக்குள் எல்லாக் கிளைகளும் அதை அறிந்துகொள்ளும். இரண்டு நாள் கழித்து ஆயுளைப் பழையபடி கூட்டிவிடலாம்.

ஒரு எண்ணையே ஒப்படைக்கப்போகிறீர்கள் என்றால் விண்ணப்பம் கொடுக்கும் முன்பே அதன் நாப்டர் பதிவை நீக்குங்கள். துண்டிக்கப்பட்ட கைப்பேசி எண் 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். பதிவு அப்படியே கிடந்தால், உங்கள் கிளைகளிலிருந்து அந்தப் புதியவரை யார் அழைத்தாலும் மணி உங்கள் பழைய மேசையில்தான் அடிக்கும். அவருக்கோ அழைப்பு வந்ததே தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மரத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் சாதாரணத் தொலைபேசியிலிருந்து அழைத்து, எடுப்பவர் இன்னும் அதே ஆள்தானா என்று கேட்டு, தேதியைப் பதிவின் பக்கத்தில் குறித்துவைக்க வேண்டும்.